அக்காவின் பட்டை

ராக்கம்மா குடும்பத்தின் மேல் நின்ற கடன் இரண்டு லட்சத்துப் பதினான்காயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய். மேஸ்திரி சூசை அதை மாதம் ஒரு தடவை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பார். வாசித்துவிட்டு, "அந்த முப்பது ரூபாயையாவது இந்த மாசம் அடைச்சிரு தாயி, எனக்கு வாய்க்கு லேசா இருக்கும்" என்பார். கூட்டம் சிரிக்கும். ராக்கம்மாவும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அடுத்த மாதம் இன்னும் சத்தமாக வாசிப்பார்.

கடன் வந்த வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் புருசன் வழிவிட்டான் வேலைக்குச் சேரும்போது வாங்கிய முன்பணம் கொஞ்சம். மூத்தவள் முத்தழகு நெஞ்சு இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாங்கியது கொஞ்சம். மிச்சமெல்லாம் கண்ணாடி. கருவேலங்காட்டை அழித்துவிட்டுக் கண்ணுக்கு எட்டிய தூரம் கம்பெனி சோலார் பேனல் விரித்திருந்தது. மண் படிந்தால் கரண்ட் குறையும். அதனால் கழுவ வேண்டும். விடியும் முன்னே ஆரம்பித்து வெயில் ஏறும் முன்னே முடிக்க வேண்டும். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். விரிந்தது யார் வரிசையோ அவர் கடனில் ஏறும். வழிவிட்டான் வரிசையில் ஏழு விரிந்திருந்தது. கடைசி இரண்டும் மயில் கொத்தியது என்று சொல்லிப் பார்த்தான்.

"மயில் பேர்ல கடன் எழுத முடியாதே மச்சான்" என்றார் சூசை.

கழுவுகிற இயந்திரமும் ஒரு காலத்தில் இருந்தது. இயந்திரம் கெட்டால் செலவு கம்பெனிக்கு. ஆள் கெட்டால் செலவு ஆளுக்கு. அதனால் ஆள்.

வேலையாட்கள் குடும்பத்தோடு தங்குகிற முகாமில் பெரியவர், குழந்தை எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. வாசலில் நிற்கிற கம்பம் பட்டையைத்தான் எண்ணும், ஆளை எண்ணாது. எத்தனை பட்டை தாண்டியதோ அத்தனை பேருக்குத் தண்ணீர், அத்தனை பேருக்குச் சோறு. காய்ச்சலில் ஒருத்தி படுத்துவிட்டால் அவள் பட்டையை ஊக்கால் நெம்பிக் கழற்றி இன்னொருத்தி கொண்டுபோவாள். பட்டை சுமப்பது என்று இதற்குப் பெயர். ஊக்கு பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வித்தையும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடம் தூக்கிவிடுகிற மாதிரிதான் அது. தப்பு என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

முத்தழகுக்கு அப்போது ஒன்பது வயது. இளையவள் பவுனுக்கு எட்டு. முத்தழகு வாய்க்காரி. தண்ணீர் லாரியில் எழுதியிருப்பதையெல்லாம் கூட்டி வாசிப்பாள், டீச்சர் மாதிரியே கையை ஆட்டிப் பேசுவாள். பவுனு பேசமாட்டாள். ஏதாவது கேட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வரும். "இவளுக்கு டவர் கிடைக்கலைடி" என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்யும். சில நாள் காலையில் அவள் காற்றைப் பார்த்துவிட்டு அப்பனிடம், "அந்தக் கடைசி வரிசையை இப்பக் கழுவாதப்பா, திரும்ப மண்ணாயிரும்" என்பாள். வழிவிட்டான் காதில் வாங்கமாட்டான். திரும்ப மண்ணாகும்.

முகாமுக்குள் ஒரு பழைய கன்டெய்னரில் பள்ளிக்கூடம். பிரிசில்லா டீச்சர் ஒருத்திதான். ராக்கம்மா சாயங்காலங்களில் அவளிடம்தான் எழுத்துப் படித்தாள். கையெழுத்துப் போடுவாள். கூட்டி வாசிப்பாள், வாசித்தால் மூச்சு வாங்கும், பேனல் கழுவுவதைவிட அதிகமாக.

"அடுத்த வாரம் தொப்பி வருது ராக்கு" என்றாள் டீச்சர் ஒருநாள்.

"வெயிலுக்கா டீச்சர்?"

"வெயிலுக்கு எவன் குடுப்பான்? பிள்ளைகளைப் பொறுக்குற தொப்பி. மாவட்டத்துக்கு நூறு பிள்ளைன்னு எடுத்து நாற்றங்கால் பள்ளிக்கு அனுப்புறாங்க. அங்கேயே தங்கல், அங்கேயே படிப்பு."

"நல்லாப் படிக்கிற பிள்ளையாப் பார்த்தா?"

"அதான் இல்ல. முன்னாடி டீச்சர்தான் பேர் எழுதிக் குடுக்கணும். நானும் எழுதியிருக்கேன். யார் பேரு? துவைச்ச சட்டை போட்டு 'குட் மார்னிங் மிஸ்'ங்கிற பிள்ளை பேரு. அப்புறம் பரீட்சை வச்சாங்க. டியூஷனுக்குக் காசு கட்டுனவன் பிள்ளையாத் தேறுச்சு. கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு. இப்பத்தான் இந்தத் தொப்பி. பிள்ளைக்கு என்ன தெரியும்னு இது பார்க்காது. தெரியாத ஒண்ணைக் குடுத்தா எவ்வளவு வேகமாப் பிடிக்குதுன்னு பார்க்கும். பிடிப்புன்னுதான் அதுக்குப் பேரே வச்சிருக்காங்க."

"மண்டைக்குள்ள போயிப் பார்க்குமா?"

"அப்படித்தான். ஒரு வெளிச்ச விளையாட்டு காட்டுவாங்க. பிள்ளை முன்னப்பின்ன பார்த்திருக்காது. முதல்ல திணறும். அப்ப மண்டைக்குள்ள ஒரு பரபரப்பு இருக்கும்ல? விளையாட்டு பிடிபடப் பிடிபட அது அடங்கும். சீக்கிரம் அடங்குனா கோடு சரசரன்னு சரிஞ்சு இறங்கும். அந்தச் சரிவுதான் மார்க்கு."

ராக்கம்மா அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் உருட்டிப் பார்த்தாள். டீச்சர் அடுத்ததைச் சொன்னாள்.

"தேறுன பிள்ளை வீட்டுக் கடனை அரசாங்கம் கம்பெனிகிட்ட இருந்து வாங்கிக்கும். கடன்காரன் வாசல்ல நின்னா பிள்ளைக்குப் பிடிப்பு போயிரும்னு யாரோ ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க."

"அதுக்கு ஆராய்ச்சி வேற வேணுமா?"

"சும்மா வாங்காது ராக்கு. கடன் பிள்ளை பேருக்கு மாறும். வளர்ந்து வேலைக்குப் போனதும் அது சம்பளத்துல பிடிப்பாங்க. அதுவரைக்கும் வட்டி இல்ல, உங்க கூலியில பிடித்தம் இல்ல. ஆனா நீங்க இந்த முகாமை விட்டுப் போகக்கூடாது. பிள்ளைக்குக் கிடைக்கிற இடம் இந்த முகாம் கணக்குல வர்றது. நீங்க முகவரி மாறினா இடமும் போயிரும்."

"எங்க அழகு தேறிருவாளா டீச்சர்?"

"அவ தேறாம வேற யாரு தேறுவா?"

"பவுனு?"

டீச்சர் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினாள். "பவுனு நல்ல பிள்ளை" என்றாள்.

தொப்பி வந்த அன்று முத்தழகுக்கு இழுப்பு கண்டுவிட்டது. சாக்கு மூட்டையில் சாய்த்து உட்காரவைத்து, வெந்நீர் கொடுத்து, நெஞ்சைத் தடவிவிட்டு, ராக்கம்மா வேலைக்குப் போனாள். வெயிலுக்கு முன்னே வரிசை முடிய வேண்டும். "அக்காவைப் பார்த்துக்கத்தா" என்று பவுனிடம் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னது.

திரும்பி வந்தபோது முத்தழகு தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராகியிருந்தது.

"தொப்பி போட்டீங்களாடி?"

"போட்டாச்சு" என்றாள் பவுனு. அது பொய்யும் இல்லை.

ஒரு மாதம் கழித்து வெள்ளை வேனில் மதிவதனி மேடம் வந்தாள். துறை அதிகாரி. சின்ன வயது, கனிவான முகம். கன்டெய்னர் வாசலில் நின்று வாசித்தாள். முத்தழகு, தகப்பன் பெயர் வழிவிட்டான், மாவட்டத்திலேயே முதல் சரிவு. பிரிசில்லா டீச்சர் அழுதேவிட்டாள். சூசை வந்து கடனைக் கடைசித் தடவையாக வாசித்துவிட்டு, "இந்தப் பாட்டைப் பாடிப் பாடிப் பழகிட்டேன் தாயி, இனிமே எதைப் பாடுவேன்?" என்றார். வழிவிட்டான் சிரித்த சிரிப்பில் அவன் கடைவாய்ப் பல் இல்லாதது எல்லாருக்கும் தெரிந்தது. அதே தாளில் கீழே பவுனு பெயரும் இருந்தது. பிடிப்பு சுழியம் என்று போட்டிருந்தது. அதை ஒருத்தரும் வாசிக்கவில்லை.

முத்தழகு மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் ராக்கம்மா அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அம்மா, நான் தொப்பியே போடலம்மா."

சீப்பு நின்றது.

"எனக்கு இழுப்பா இருந்துச்சுல்ல. பவுனுதான் என் பட்டையைச் சுமந்துக்கிட்டுப் போனா."

பவுனு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ராக்கம்மா அவளை உள்ளே இழுத்தாள்.

"எதுக்குடி அப்படிப் பண்ணுன?"

பவுனு வழக்கம்போல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். "அக்கா வரலேன்னா அவ சோத்தை வெட்டிருவாங்கள்ல?"

"உன் பட்டை?"

"அதை மத்தியானம் கொண்டு போனேன். திரும்பவும் அதே விளையாட்டு. காலையிலயே எனக்குத் தெரிஞ்சிருச்சா, மத்தியானம் தூக்கம் வந்துச்சு."

"உன்னைப் பார்த்து அவங்க ஒண்ணும் கேக்கலையா?"

"மூஞ்சியை யாரும்மா பார்த்தா? பட்டையைத்தான் பார்த்தாங்க."

ராக்கம்மா பவுனைக் கையோடு கூட்டிக்கொண்டு கன்டெய்னருக்குப் போனாள். பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அந்தச் சரிவு இவளுதா?" வாசலில் நின்ற பவுனை எட்டிப் பார்த்தாள். "மத்தியானம் ஏன் சுழியம்னு இப்பல்ல தெரியுது. காலையிலயே பிடிச்சு முடிச்சுட்டா. மறுபடி பிடிக்க அதுல என்ன இருக்கு? ஒண்ணுமே புரியாத பிள்ளைக்கும் கோடு படுத்துத்தான் கிடக்கும், எல்லாம் புரிஞ்சு முடிச்ச பிள்ளைக்கும் படுத்துத்தான் கிடக்கும். தொப்பிக்குச் சரிவு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்."

"இவளுக்கு மறுபடி போடச் சொல்லுவோம் டீச்சர்."

"என்ன சொல்லி? பட்டை சுமந்தோம்னு சொல்லணும். சொன்னா வாசல் கம்பத்துக் கணக்கு பூராம் பொய்னு ஆயிரும். இந்த முகாம்ல பட்டை சுமக்காத வீடு எது, நீ சொல்லு. அத்தனை பேர் திங்காத சோத்தையும் குடிக்காத தண்ணியையும் கணக்குப் போட்டுக் கடன்ல ஏத்துவாங்க. அழகும் போகமாட்டா, பவுனும் போகமாட்டா. ஏமாத்துன வீடுன்னு பேரை அடிச்சிருவாங்க."

ராக்கம்மா கன்டெய்னர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் அவள் முதல்முதலாக எழுதிய 'அ' அதில் இன்னும் கிறுக்கலாக இருந்தது.

"அங்க டாக்டர் இருக்காங்களா டீச்சர்?"

"இருக்காங்க. ரூமுக்கு ரூம் காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் இருக்காம்."

"அப்ப அழகே போகட்டும்."

வெளியே வந்தபோது பவுனு கேட்டாள். "நான் தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

"இல்லத்தா. நீ பட்டைதான சுமந்த."

முத்தழகு போனாள். வேன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு தங்கச்சியையே பார்த்துக்கொண்டு போனாள்.

அந்த வருடமே பிரிசில்லா டீச்சருக்குப் பதவி உயர்வு வந்தது. முகாம் பள்ளியிலிருந்து மாவட்டத்தின் முதல் பிள்ளையை உருவாக்கியவர் என்று பொன்னாடை போட்டு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் இடத்துக்கு ஆள் வரவில்லை. கன்டெய்னரில் வைப்பரும் குழாயும் அடுக்கினார்கள். பவுனு கையில் ஒரு வைப்பர் வந்தது. அவள் அதையும் பேசாமல்தான் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்தழகு போன் பண்ணலாம். முதல் மாதங்களில் மெத்தை, முட்டை, மாத்திரை என்று கதை கதையாகச் சொன்னாள். இழுப்பு நின்றுவிட்டது. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்திருந்தார்கள். ராக்கம்மா போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு மகள் பேசுவதைக் கேட்கமாட்டாள், மூச்சைத்தான் கேட்பாள். சத்தமே இல்லாத மூச்சு. அது ஒன்றுக்காகவே எல்லாம் சரிதான் என்று தோன்றும்.

போகப் போக முத்தழகு அம்மாவிடம் பேசுவதைக் குறைத்தாள். "பவுனுகிட்டக் குடும்மா" என்பாள். இரண்டும் குசுகுசுவென்று பேசும்.

"மூணு ஜாடி இருக்குடி. எதுல எவ்வளவுன்னு சொல்லமாட்டாங்களாம். ஒரு தடவைதான் ஊத்திப் பார்க்கலாமாம். பக்கத்துல இருக்கவ எல்லாம் பொசுக்குன்னு போட்டுட்டாளுக."

பவுனு பேசமாட்டாள்.

"ஏய், இன்னும் டவர் கிடைக்கலையாடி உனக்கு?"

"இரு." பிறகு பவுனு மெல்லச் சொல்ல ஆரம்பிப்பாள். அந்தப் பக்கம் முத்தழகு எழுதிக்கொள்வது கேட்கும். வீட்டுப்பாடம் அப்படி ஓடியது. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை அங்கேயும் புது விளையாட்டு ஒன்றைக் காட்டித் தொப்பி வைப்பார்கள். தொப்பிக்குள் போன் எடுக்காது.

இரண்டாவது கோடையில் வெள்ளை வேன் மறுபடி வந்தது. மதிவதனி மேடம் இறங்கினாள். பின்னாலேயே முத்தழகு ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கினாள். வளர்ந்திருந்தாள், கன்னம் வைத்திருந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வருத்தப்படாதீங்கம்மா" என்றாள் மேடம். "சில பிள்ளைகளுக்குப் பிடிப்பு இறங்கிரும். ஏன்னு எங்களுக்கே தெரியல. இவ முயற்சி பண்ணாமலும் இல்ல. ராத்திரி பகலாப் படிச்சா. படிப்பு வேற, பிடிப்பு வேற."

"மருந்து?" என்றாள் ராக்கம்மா. "உறிஞ்சுற மருந்து?"

மேடம் முகம் சுண்டியது. "அது பள்ளிக்கூடத்து உடமைம்மா. திரும்ப வாங்கி வச்சுக்கிட்டாங்க."

வழிவிட்டான் அதைக் கேட்கவில்லை. அவன் கேட்டது வேறு. "கடன் மேடம்?"

"அதுக்குத்தான் வந்தேன். உங்க கடனைத் துறை வாங்கிருச்சு. அது உங்க பேருக்குத் திரும்பாது, கவலைப்படாதீங்க. கூலிக்காரங்ககிட்ட வசூல் பண்ற அதிகாரம் துறைக்கு இல்ல. பிடிப்புள்ள பிள்ளைகிட்ட மட்டும்தான் வசூல் பண்ணலாம். உங்க சின்னவளுக்கு இன்னிக்குத் தொப்பி வைக்கிறோம். அவளுக்குப் பிடிப்பு இருந்தா அக்கா இடம் அவளுக்கு, கடனும் அவ பேருக்கு. இல்லேன்னா வாராக்கடன்னு எழுதி முடிச்சிருவோம். பட்டையையும் வெட்டிருவோம். நீங்க எங்க வேணாலும் போகலாம்."

தொப்பியை இயக்கித் தயார் பண்ண ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வழிவிட்டான் மனைவியைத் தகரக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனான். முகமெல்லாம் வெளிச்சம் அவனுக்கு.

"ராக்கு, பவுனு தோத்தாப் போதும். சாயங்காலமே கிளம்பிரலாம். தொண்டியில ஐஸ் கம்பெனியில ஆள் எடுக்கிறான்னு எங்க சித்தப்பன் மகன் சொன்னான்ல? குளுகுளுன்னு வேலை. அழகுக்கும் தூசி இருக்காது."

"அவ தோக்கணும்னு வேண்டிக்கிறீங்களா நீங்க?"

"செயிச்சா என்ன கிடைக்கும்? இன்னும் எட்டு வருசம் நாம இங்க கண்ணாடி கழுவணும். ரெண்டு லட்சத்தை அந்தப் பிள்ளை தலையில கட்டணும். இந்தா ஒருத்தி போனா, வந்துட்டா. என்ன ஆச்சு?"

"போனது அவ இல்ல! யார் போயிருக்கணுமோ அவ போகலேன்னு உங்களுக்கும் தெரியும்."

"சத்தம் போடாத. சூசை நிக்கிறான்."

"நான் கழுவுறேன். எட்டு வருசம் என்ன, எண்பது வருசம் கழுவுறேன். எம்பிள்ளை ஒரு தடவை, அவ பட்டையைப் போட்டுக்கிட்டு, அவ பேர்ல அந்த வேன்ல ஏறட்டும்."

வழிவிட்டான் தலையைச் சொறிந்தான். "எனக்கு மட்டும் ஆசை இல்லையாடி?" என்றான். "முடியல. முதுகு முடியல."

 தகரத்துக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

வேனில் ஏறும் முன்னே ராக்கம்மா பவுனின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். "அப்பா பேசுனதை மனசுல வச்சுக்காதத்தா. நல்லாப் பார்த்து விளையாடு." பவுனு கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டினாள்.

போனவள் உடனே வந்துவிட்டாள். ஒரு குடம் நிறைகிற நேரம்கூட ஆகவில்லை. மேடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடு ஒன்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் படுத்துக் கிடந்தது.

"சுழியம்" என்றாள் மேடம். அதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

ராக்கம்மா பவுனை வேனுக்குப் பின்னால் இழுத்தாள். "அப்பன் சொன்னான்னு வேணும்னே தோத்தியாடி?"

"இல்லம்மா." பவுனு அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "செயிக்கத்தாம்மா பார்த்தேன்."

"பின்ன?"

"அதே விளையாட்டும்மா. நெறத்தை மாத்திருக்காங்க. இடது வலது மாத்திருக்காங்க. உள்ளுக்குள்ள அதேதான். மொத வெளிச்சம் வந்தப்பவே கடைசி வெளிச்சம் எங்க வரும்னு தெரிஞ்சிருச்சு. தெரியாத மாதிரி இருந்து பார்த்தேன். மறந்து பார்த்தேன். மண்டை கேக்க மாட்டேங்குது."

ராக்கம்மா திரும்பி ஓடினாள். "மேடம், இவளுக்கு வேற விளையாட்டுக் குடுங்க."

"பிள்ளையைச் சேர்க்குறதுக்கு எல்லா மாவட்டத்துக்கும், எல்லா வருசமும் ஒரே விளையாட்டுதாம்மா. நெறத்தையும் திசையையும் மட்டும் மாத்துவோம். அப்பத்தானே ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோட வச்சுப் பார்க்கலாம்? ஒருத்திக்கு மட்டும் வேற குடுத்தா நாளைக்கு ஆயிரம் பேர் கேஸ் போடுவாங்க."

"இவளுக்கு அது ஏற்கெனவே தெரியும் மேடம். அதான் கோடு படுத்திருச்சு."

"எப்படித் தெரியும்?" மேடம் பழைய பதிவைத் திறந்து பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இவளுக்கு இதே சுழியம்தானம்மா வந்திருக்கு. அன்னிக்கே பிடிபடாத விளையாட்டு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?"

ராக்கம்மா வாயைத் திறந்தாள். வேனைச் சுற்றி முகாமே நின்றுகொண்டிருந்தது. முன்வரிசையில் பக்கத்துக் கொட்டகைக் குருவம்மா நின்றாள். அவள் இடது கையில் ஒரு பட்டை, வலது கையில் ஒரு பட்டை. வலது கையில் இருந்தது அவள் மாமியாருடையது. மாமியாருக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். குருவம்மா அந்தக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு ராக்கம்மாவையே பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். 

ராக்கம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"எல்லா அம்மாவும் இப்படித்தாம்மா சொல்வாங்க" என்றாள் மேடம், அவள் தோளைத் தொட்டு. "தப்பே இல்ல. என் பிள்ளையா இருந்தா நானும் சொல்வேன்."

மேடம் ஒரு தாளை நீட்டினாள். மேலே பெரிய எழுத்தில் வாராக்கடன் என்று இருந்தது. கீழே ஒரு வரி அச்சடித்து, அதற்கும் கீழே காலி இடம் விட்டிருந்தது. "அம்மாவுக்கு எழுதத் தெரியும்னு போட்டிருக்கே. அப்ப கைநாட்டு கூடாது. இந்த வரியை உங்க கையால ஒரு தடவை எழுதி, கையெழுத்துப் போடணும். படிச்சுப் புரிஞ்சுதான் ஒத்துக்கிட்டீங்கன்னு இருக்கணும்ல."

ராக்கம்மா கூட்டி வாசித்தாள். மூச்சு வாங்கியது. 'இவ்வீட்டில் பிடிப்புள்ள குழந்தை எவரும் இல்லை.'

வேன் படியில் தாளை வைத்துக் குனிந்தாள். வழிவிட்டான் அவளைப் பார்க்காமல் பேனல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த முத்தழகு, இரண்டு வருடம் கழித்து அந்த மண்ணைச் சுவாசித்தவள், இரும ஆரம்பித்திருந்தாள். இருமலுக்கு அடியில் அந்தப் பழைய விசில் சத்தம் மெல்ல எழும்பியது. ராக்கம்மா அதைக் கேட்டாள். 'இவ்வீட்டில்' என்று எழுதினாள்.

அடுத்த வார்த்தையில் கை நின்றுவிட்டது. முதல் எழுத்தே வரவில்லை. இவ்வளவு நாள் எழுதிய எழுத்து, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பவுனு பக்கத்தில் வந்து குந்தினாள். அம்மா கைமேல் கையை வைத்தாள். பவுனின் விரலெல்லாம் பேனல் கழுவுகிற மருந்தில் வெந்து தோல் உரிந்திருந்தது.

"'பி' போடும்மா" என்றாள். "மேல கொக்கி. ம். இப்ப 'டி'." ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். 'குழந்தை' வந்தபோது அவள் குரலில் ஒன்றும் இல்லை. 'எவரும்' வந்தபோதும் இல்லை. கடைசி வார்த்தையைச் சொல்ல மட்டும் அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ராக்கம்மா கையெழுத்துப் போட்டாள்.

"பரவாயில்லையே, எழுத்துக் கூட்டுறதாவது சொல்லிக் குடுத்திருக்கீங்களே" என்றாள் மேடம் பவுனைப் பார்த்துச் சிரித்து. பிறகு குறடு எடுத்து நான்கு பேர் பட்டையையும் வெட்டினாள். பவுனு கீழே விழுந்ததில் ஒன்றை மட்டும் பொறுக்கிக் கையில் மூடிக்கொண்டாள். அக்காவுடையது. பழக்கதோஷம்தான்.

அது மாதக் கடைசி நாள். வேன் போனதும் சூசை வழக்கம்போல் மரப்பெட்டி மேல் ஏறிக் கடன் வாசிக்க ஆரம்பித்தார். வரிசையாகப் பெயர் வந்தது, தொகை வந்தது, சிரிப்பும் வந்தது. கணக்கு முடிந்ததால் ராக்கம்மா பெயரும் இரண்டு வருடம் கழித்து வந்திருந்தது. கையிலிருந்த திரையை உற்றுப் பார்த்தார். கேலி பேச ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி கொஞ்சம் நின்றார்.

"ராக்கம்மா வீடு" என்று வாசித்தார். "ஒண்ணுமில்லை."